காசு கொடுத்து வாங்கிய ரயில் சரியா ஓடலையா? சிமுலேட்டர் கேம் ஆட்-ஆன் புகார்களும் ரீஃபண்ட் விதிகளும்

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் இருந்து கிளம்பும் ரயிலை வீட்டில் உட்கார்ந்தே ஓட்டலாம். சிக்னல், பிரேக், கதவு திறப்பது எல்லாமே நிஜம் மாதிரிதான். ஆனா மில்டன் கீன்ஸ் வந்ததும் பாதை முடிஞ்சிடும். நிஜத்தில் இந்த வெஸ்ட் கோஸ்ட் மெயின் லைன் கிளாஸ்கோ வரை சுமார் 640 கி.மீ. போகுது. 2024-ல் வந்த 'டிரெய்ன் சிம் வேர்ல்ட் 5' கேமில் இருப்பது சுமார் 80 கி.மீ. மட்டும்தான்.

இதை உருவாக்கியது பிரிட்டனைச் சேர்ந்த டவ்டெய்ல் கேம்ஸ். இதே நிறுவனத்தின் பழைய 'டிரெய்ன் சிமுலேட்டர்' கேமுக்கு மட்டுமே நூற்றுக்கணக்கான ஆட்-ஆன்கள் விற்பனையில் இருக்கு.

ஆட்-ஆன் அப்படின்னா என்ன?

கேமை வாங்கின பிறகு தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் பாதை, இன்ஜின், பெட்டிகள்தான் ஆட்-ஆன். டிஎல்சி என்றும் சொல்வாங்க. ஆசைப்பட்டு ஒவ்வொன்றா வாங்கினால், கேமின் விலையைவிட ஆட்-ஆன் செலவு பல மடங்கு ஆகிடும். குறைவான பேரே விளையாடும் கேம் என்பதால் நிறுவனம் இப்படி விற்பது புரியுது. சிக்கல், வாங்கின பொருள் சரியில்லாதப்போதான்.

என்னென்ன புகார்கள்?

பாதை பாதியிலேயே முடிவது ஒன்று. சிக்னல் சிவப்பிலேயே நின்று பயணத்தை முடிக்க முடியாமல் போவது இன்னொன்று. ரயில் ரசிகர்களை ரொம்பக் கடுப்பேற்றுவது சத்தம்தான். நிஜ இன்ஜினைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, பொருந்தாத ஒலி உடனே தெரிஞ்சிடும். இந்தச் சத்தத்தை மேம்படுத்த வேறு நிறுவனங்கள் தனியாக பேக் விற்கின்றன. உதாரணம், பிரிட்டனின் ஆம்ஸ்ட்ராங் பவர்ஹவுஸ். அதுக்கும் பல நேரம் மூல ஆட்-ஆன் கையில் இருக்கணும். அதாவது ரயிலுக்கு ஒரு காசு, அதன் சத்தத்துக்கு இன்னொரு காசு!

ஒரு ஆட்-ஆன் முழுசா வேலை செய்ய மற்றொரு ஆட்-ஆன் தேவைப்படுவதும் உண்டு. கடைப் பக்கத்தின் விவரக் குறிப்பில் அது எழுதியிருக்கும். வாங்கும் அவசரத்தில் யார் படிக்கிறா?

பணம் திரும்பக் கிடைக்குமா?

கம்ப்யூட்டரில் விளையாடுபவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஸ்டீம் தளத்தில். (நீராவி இன்ஜின் இல்லைங்க, இது கேம் விற்கும் ஆன்லைன் கடை.) வாங்கி 14 நாளுக்குள் கேட்கணும், 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருக்கணும் என்பதுதான் அங்கே விதி.

இந்த 2 மணி நேரக் கணக்கில்தான் பலரும் ஏமாறுறாங்க. புது ஆட்-ஆனில் ஓட்டிய நேரம் மட்டும் இதில் சேராது. அதை வாங்கின பிறகு மூல கேமை மொத்தமாக எவ்வளவு நேரம் விளையாடினீங்க என்பதே கணக்கு. புதுப் பாதையை வாங்கி வெச்சுட்டு, பழைய பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் வாய்ப்பு போச்சு. கேமைத் திறந்து அப்படியே விட்டுட்டு சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். இதில் கஷ்டம் என்னன்னா, ரயில் கேமில் ஒரு முழுப் பயணமே சுலபமா ஒரு மணி நேரம் எடுக்கும். கடைசி ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் கோளாறு தெரிய வரும்போது பாதி நேரம் காலி.

அதனால வாங்கின அன்றைக்கே அந்த ஆட்-ஆனைத்தான் முதலில் ஓட்டிப் பாருங்க. சத்தம், சிக்னல், பாதையின் கடைசிப் பகுதி மூன்றையும் சோதிச்சுட்டு கேமை மூடிடுங்க. நேரம் தாண்டிப் போனாலும் காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பரிசீலிப்போம் என்கிறது ஸ்டீம், ஆனா உறுதி கிடையாது.

பிளேஸ்டேஷனில் விதி இன்னும் கறார். அங்கேயும் 14 நாள்தான், ஆனா டவுன்லோடு தொடங்கிட்டாலே ரீஃபண்ட் கிடையாது. பொருளிலேயே கோளாறு இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்னபடி, திருப்தியான தரத்தில் இருக்கணும். இல்லைன்னா விற்றவர் முதலில் சரிசெய்து தரணும். அது நியாயமான காலத்துக்குள் நடக்கலைன்னா விலையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ திரும்பக் கேட்கலாம். ஆனா 'மில்டன் கீன்ஸ் வரை' என்று சொல்லியே விற்ற பாதையை, கிளாஸ்கோ போகலைன்னு இந்தச் சட்டத்தில் திருப்பித் தர முடியாது. சிக்னல் கோளாறு என்றால் கேட்கலாம். எந்தப் பயணம், எந்த இடம் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி வையுங்க.