பேட்டரியோடு வந்த பைத்தான்

பைத்தான் பற்றிப் பேச்செடுத்தாலே "பேட்டரியோட வரும்"னு ஒரு வசனம் கண்டிப்பா வரும். பொம்மையோடு பேட்டரியையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி, பைத்தானை நிறுவினாலே கூடவே ஒரு பெரிய நிரல் தொகுப்பும் வந்துடும். அதுதான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. வேற எதையும் இறக்காமல் அதை மட்டும் வெச்சு வெப் அப்ளிகேஷன் எழுத முடியுமா? முடியும். அதுக்கு முப்பது வருஷக் கதை ஒண்ணு இருக்கு.

1993. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம். வெப் சர்வர் அப்போ பெரும்பாலும் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் பியூன்தான். அங்கே பிறந்த சிஜிஐ அதை மாற்றியது. சர்வர் ஒரு நிரலை ஓட்டும். ப்ரௌசர் என்ன கேட்டதுங்கிற விவரம் அந்த நிரலுக்குப் போகும். நிரல் அச்சிடுவது பக்கமாகத் திரும்பி வரும். பைத்தானும் 'சிஜிஐ' என்றே ஒரு மாட்யூல் வைத்திருந்தது. ஒரு தலைப்பு வரி, ஒரு வெற்று வரி, அப்புறம் எச்டிஎம்எல். வேலை முடிஞ்சது!

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரலைப் புதுசா கிளப்பணும். பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் தனி அடுப்பு மூட்டற கதை.

அப்புறம் ஸோப், குவிக்ஸாட், வெப்வேர்னு ஃப்ரேம்வொர்க்குகள் வரிசையா வந்தன. ஆனால் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா அதுக்கு ஒத்துவரும் சர்வர்தான் கிடைக்கும். இந்தச் சண்டையைத் தீர்க்க 2003 டிசம்பரில் ஃபிலிப் ஈபி முன்வைத்ததுதான் டபிள்யூஎஸ்ஜிஐ. உச்சரிப்பு 'விஸ்கி' (போதைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, ஹி ஹி). இரண்டு உள்ளீடு வாங்கும் ஒரு ஃபங்ஷன், மொத்த ஒப்பந்தமே அவ்வளவுதான். 2006-ல் பைத்தான் 2.5-உடன் 'விஸ்கிரெஃப்' என்ற பெயரில் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளேயே வந்துடுச்சு. ஜாங்கோ, ஃப்ளாஸ்க் ரெண்டுக்கும் அடியில் தோண்டிப் பாருங்க, இந்த ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கும்.

2024 அக்டோபரில் பைத்தான் 3.13 வந்தப்போ, "செத்த பேட்டரிகள்" என்று 19 மாட்யூல்களைக் கழற்றிட்டாங்க. அதில் சிஜிஐ-யும் ஒண்ணு. பழைய புத்தகத்தைப் பார்த்து அதை இம்போர்ட் செய்பவருக்கு இப்போ முதல் வரியிலேயே பிழைதான். அதே வருஷம் பிப்ரவரியில் கோ மொழி 1.22-ல் நேரெதிர் திசையில் போனது. கெட்-ஆ போஸ்ட்-ஆ, முகவரியில் மாறும் பகுதி எதுன்னு பிரிக்கிற வேலையைத் தன் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துக்கிட்டாங்க.

யார் சரி? பராமரிக்க ஆளில்லாததை வைத்திருப்பது ஆபத்துன்னு பைத்தான்காரங்க சொன்னது நியாயம்தான். ஆனாலும் என் கட்சி இதுதான்: புதுசா கத்துக்கறவங்களுக்கு எதையும் இறக்காமல் திறக்கிற ஒரு வாசல் வேணும். நல்லவேளை, விஸ்கிரெஃப் இன்னும் உள்ளேதான் இருக்கு. ஆபீஸ் வேலைக்கு ஃப்ரேம்வொர்க்கே போதும், தப்பில்லை. ஆனால் அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சின்ன அப்ளிகேஷனை விஸ்கிரெஃப்ல எழுதிப் பாருங்க. கோரிக்கை எப்படி வருது, பதில் எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை கண்ணால் பார்த்துட்டா, அப்புறம் எந்த ஃப்ரேம்வொர்க்கும் மாயாஜாலமா தெரியாது.