விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும்

1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் புகுந்த ஈராக் படையிடம் சோவியத் டாங்கிகளும் பிரான்சின் மிராஜ் போர் விமானங்களும் இருந்தன. ஈரானுடன் நடந்த எட்டாண்டுப் போரில் அந்தக் கிடங்கை நிரப்பியவர்களில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பினர்களும் உண்டு. இத்தனை ஆயுதம் குவிந்தது தெரியாமல் போயிற்று என்பது பின்னால் சொல்லப்பட்ட சமாதானம். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் அக்காலத்திலேயே ஆண்டுதோறும் ஆயுத விற்பனை மதிப்பீடுகளை அச்சிட்டு வந்தது. படிக்க நினைத்தவர்கள் படித்திருக்கலாம்.

எனினும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு வேறு, ஓர் அரசு கையெழுத்திட்டுத் தரும் கணக்கு வேறு. ஜப்பானும் ஐரோப்பிய சமூக நாடுகளும் முன்னின்று கொணர்ந்த தீர்மானம் 1991 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச் சபையில் 150 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்ப்பு வாக்கு ஒன்றுமில்லை. கியூபாவும் ஈராக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அப்படிப் பிறந்ததுதான் ஐ.நா. மரபுவழி ஆயுதப் பதிவேடு. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. இரு உலகப் போர்களுக்கு இடையில் சர்வதேசச் சங்கம் ஆயுத வணிகப் புள்ளிவிவர நூலொன்றை ஆண்டுதோறும் வெளியிட்டது. சுங்கக் கணக்கிலிருந்து எடுத்த பணமதிப்பே அதில் பெரிதும் இருந்தது. புதிய பதிவேடு பணத்தைக் கேட்கவில்லை, எண்ணிக்கையைக் கேட்டது: டாங்கி, கவச வாகனம், பெரும் பீரங்கி, போர் விமானம், தாக்குதல் ஹெலிகாப்டர், போர்க்கப்பல், ஏவுகணை என ஏழு வகை.

இதன் நுட்பம் இரட்டைப் பதிவில் இருக்கிறது. ஏற்றுமதி செய்த நாடும் இறக்குமதி செய்த நாடும் தனித்தனியே எழுதித் தர வேண்டும். வாங்கியவர் வாய் திறக்காவிட்டாலும் விற்றவர் அறிக்கையில் அவர் பெயர் வந்துவிடும். இரண்டும் பொருந்தாத இடங்கள் ஏராளம். கப்பலில் ஏற்றிய நாளை ஒருவர் கொள்வார், உரிமை கைமாறிய நாளை மற்றவர் கொள்வார். என்னைக் கேட்டால், அந்தப் பொருந்தாமையே பதிவேட்டின் பயனுள்ள பகுதி. கேள்வி கேட்க ஓர் இடம் அங்கேதான் கிடைக்கிறது.

ஓட்டைகளும் வரையறைக்குள்ளேயே இருந்தன. பீரங்கி என்றால் 100 மி.மீ. விட்டமாவது வேண்டும் என்றது முதல் விதி. உள்நாட்டுப் போர்களில் ஊர்களை அழித்த 81, 82 மி.மீ. மோர்ட்டார்கள் கணக்கில் வரவேயில்லை. 2003இல்தான் எல்லை 75 மி.மீ. ஆகக் குறைந்தது, தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணையும் அப்போதுதான் சேர்ந்தது. துப்பாக்கி இன்றுவரை எட்டாம் வகையாகவில்லை, விரும்பினால் தெரிவிக்கலாம் என்ற அளவில் நிற்கிறது.

பதிவேட்டின் மீது எகிப்து சொன்ன குறை இன்னும் ஆழமானது. அணு ஆயுதமும் கையிருப்பும் ஏட்டுக்கு வெளியே இருக்க, வெளியில் வாங்குபவர் மட்டும் ஏன் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும்? உள்நாட்டிலேயே டாங்கி செய்துகொள்ளும் நாடு அதைத் தெரிவிப்பது அதன் விருப்பம். இந்த வாதத்துக்கு நேர்மையான பதில் இதுவரை வரவில்லை. சீனத்தின் கோபம் வேறு வகை. தைவானுக்கு விற்றதை அமெரிக்கா தன் அறிக்கையில் எழுதியதால் 1990களின் பிற்பகுதியில் சீனம் விலகியது, 2007இல்தான் திரும்பியது.

2001ஆம் ஆண்டுக்கு அறிக்கை தந்த நாடுகள் 126. பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்ததுண்டு. "விற்கவுமில்லை, வாங்கவுமில்லை" என்று வெற்றறிக்கை அனுப்பிவந்த சிறு நாடுகளே பெரும்பாலும் நின்றுபோயின. அதை அற்பம் என்று தள்ளக் கூடாது. அண்டை நாட்டுக்கு அந்த ஒரு வரியும் செய்திதான்.

பதிவேடு யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. 2013இல் 154 வாக்குகளுடன் நிறைவேறி, 2014 டிசம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக உடன்படிக்கை ஆண்டறிக்கையைக் கடமையாக்கியது. ஏற்றுமதி நாடுகளின் பக்கம் தராசு சாய்கிறது என்று சொல்லி இந்தியா வாக்களிக்கவில்லை. கடமையாக்கிய அதே உடன்படிக்கையின் அறிக்கைப் படிவத்தில், உறுப்பு நாடுகள் மட்டுமே பார்க்கட்டும் என்று குறிக்கவும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிடும் நாடுகளின் பங்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடியிருக்கிறது.