துவாக்குடி: நஞ்சைக்கும் புஞ்சைக்கும் நடுவே

சென்ற வாரம் பொன்மலைப் போரோடு நிறுத்தியிருந்தோம். 1753 ஜூன் 26 அன்று மேஜர் லாரன்ஸின் சிறு படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அந்தக் குன்றைப் பிடித்த கதை அது. இந்த வாரம் அங்கிருந்து கிழக்கே போவோம். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் தாண்டினால் துவாக்குடி.

தஞ்சாவூர் போகிறவர்களுக்குத் துவாக்குடி என்றால் டோல்கேட். வண்டி நிற்கும், நகரும், ஊர் பின்னால் போய்விடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் தகரக் கூரை போட்ட பட்டறைகளும், ராட்சதக் குழாய்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் டிரெய்லர்களும் கண்ணில் படும். இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கிடக்கும் சரித்திரம், ஒரு சீமைக்கே போதுமானது.

இதற்கு ஒப்பாக, ஸ்பெயினின் வடக்கே நவார்ரா என்றொரு பகுதி உண்டு. பிரெனே மலையடிவாரத்தில் காடு, தெற்கே எப்ரோ ஆற்றங்கரைத் தோட்டங்கள், அதற்குப் பக்கத்திலேயே பார்தெனாஸ் என்னும் வறண்ட மண்மேடுகள். ஈரமும் வறட்சியும் தோளோடு தோள் உரசி நிற்கும் நிலம். அதன் தலைநகரான பாம்ப்லோனாவில் ஜூலை மாதம் நடக்கும் சான் ஃபெர்மின் திருவிழாவுக்கு உலகமே திரள்கிறது. 1923இல் எர்னெஸ்ட் ஹெமிங்வே அங்கே போனார். 1926இல் அந்த விழாவை வைத்து அவர் எழுதிய நாவல் வெளிவந்தது. அதன் பிறகு அந்த ஊர் உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. துவாக்குடிச் சீமைக்கு அப்படி ஒரு எழுத்து வாய்க்கவில்லை. ஆனால் நிலத்திலும் விழாவிலும் இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

முதலில் நிலம். நெடுஞ்சாலைக்கு வடக்கே காவிரிப் பக்கம் நஞ்சை. தெற்கே போகப் போக மண் சிவந்து, ஏரியையும் மழையையும் நம்பிய புஞ்சையாகி, புதுக்கோட்டைச் சீமையோடு கலக்கிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிற உய்யக்கொண்டான் வாய்க்கால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, திருச்சி நகருக்குள் நுழைந்து வெளியேறி, கடைசியில் துவாக்குடியை அடுத்த வாழவந்தான்கோட்டை ஏரியில் வந்து சேர்கிறது. இராசராச சோழனின் விருதுப்பெயரைத் தாங்கிய வாய்க்கால் அது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய ஒரு வாய்க்காலின் கடைமடை எங்கே என்று கேட்டால், இந்த டோல்கேட்டின் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். நகரத்துச் சாக்கடையை எல்லாம் அதில் விட்டுவிட்டுக் கடைமடைக்காரன் தலையில் கட்டுகிறோமே என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வடக்கே கல்லணை. கரிகாலன் பெயரோடு சேர்ந்த அணை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. திருவரங்கத் தீவின் மேல்முனையில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் தீவின் கீழ்முனையில் மறுபடி நெருங்கி வருகின்றன. அங்கே கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, காவிரியின் படுகை மேடு. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர் அத்தனையும் பள்ளம் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் காய்ந்துவிடும். இறங்கவிடாமல் காவிரியைக் காவிரியிலேயே நிறுத்துவதுதான் கல்லணையின் வேலை. 1,080 அடி நீளம். ஆற்று மணலில் பெரும் கற்களைப் போட்டுப் போட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைக்கும்வரை அடுக்கியது. மணலில் அடித்தளம் போடும் அந்த வித்தையைத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே கண்டு கற்றுக்கொண்டார். பிறகு 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார்.

தண்ணீர் இருக்கும் இடத்தில் போரும் வரும். கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் திருச்சியை முற்றுகையிட்டபோது திருவெறும்பூர்க் குன்றும் படைவீடாயிற்று. ஓர்ம் எழுதிய வரலாற்றில் அதன் பெயர் ‘எலிமிசெரம்’. இராபர்ட் ஓர்ம் கேரளத்து அஞ்சுதெங்கில் 1728இல் பிறந்த ஆங்கிலேயர். கர்நாடகப் போர்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் தொகுதி 1763இல் வந்தது. நம் ஊர்ப் பெயர்களை அவர் எழுதியிருக்கும் விதம் நம்மைத் திணறடிக்கும். பொறுமையாகச் சத்தம் போட்டு வாசித்தால் ஊர் தெரியவரும். கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா திருவரங்கத்தில் சரணடைந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அத்தோடு முடியவில்லை. அதுவரை ஆங்கிலேயர் பக்கம் நின்ற மைசூர் நந்திராஜன், தனக்குத் தருவதாகச் சொல்லப்பட்ட திருச்சி கிடைக்காததால் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டார். மீண்டும் முற்றுகை. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் பக்கத்தாருக்குச் சோறு தொண்டைமானின் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வரவேண்டும். வழி? நம் துவாக்குடிப் பக்கத்துக் காடுதான்.

1754 பிப்ரவரியில் அரிசி மூட்டைகளோடும் பணத்தோடும் நீண்ட வண்டி வரிசை ஒன்று கிள்ளுக்கோட்டைப் பக்கமிருந்து திருச்சியை நோக்கி வந்தது. காவலுக்கு ஆங்கிலேய கிரெனேடியர்களும் நம் சிப்பாய்களும். காவல்படையை ஓரிடத்தில் திரட்டி வைக்காமல் வண்டிகளுக்கிடையே சிறு சிறு கூட்டமாகப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். காடு முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் மைசூரின் ஹரிசிங்கும் மராட்டிய முராரி ராவும் குதிரைப் படையோடு பாய்ந்தார்கள். சிதறி நின்றவர்களால் ஒன்றுசேர முடியவில்லை. பொன்மலையில் வென்ற அதே கிரெனேடியர் அணி, எட்டு மாதத்துக்குள் இங்கே அழிந்தது. பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் தலையிட்டதால்தான் எஞ்சியவர்கள் உயிரோடு சிறைப்பட்டார்கள்.

ஓர்ம் அந்த இடத்துக்குச் சொல்லும் பெயர் ‘கூட்டப்பாரா’. எலிமிசெரத்துக்கு வடகிழக்கே உள்ள ஊர் என்கிறார். திருவெறும்பூருக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கும் கூத்தைப்பார்தான் அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெயரின் ஒலியும் பொருந்துகிறது, இடமும் பொருந்துகிறது. அடுத்த சில மாதங்களில் பிரெஞ்சுத் தளபதி மேசன் கோவிலடியருகே காவிரியைக் காத்து நின்ற பெருங்கரையை வெட்டிவிட்டார். தஞ்சாவூரைத் தண்ணீரால் பணியவைக்கும் திட்டம். பிறகு தஞ்சாவூரார் ஆட்களைக் கூட்டி வந்து அதைச் சீர்செய்தார்கள். வண்டி வரிசை அழிந்ததைப் படைத்தளபதிகள் பெரிதாக எழுதினார்கள். என் கணக்கில் கரையை வெட்டியதுதான் பெரிய கொடுமை. சண்டையில் கலக்காத குடியானவனின் வயலை அது குறிவைத்தது.

அந்தத் திருவெறும்பூர்க் குன்றின் மேல் எறும்பீசர் கோயில். ஏறத்தாழ 60 அடி உயரக் குன்று. தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பாக உருமாறி வந்து வழிபட, அவர்கள் ஏறுவதற்கு வாகாகச் சிவன் புற்றாகிச் சற்றே சாய்ந்துகொடுத்தார் என்பது தலபுராணம். மூலவர் மண்ணால் ஆனவர் என்பதால் நீர் அபிஷேகம் கிடையாது. முதல் ஆதித்த சோழன் காலத்துக் கற்றளி. அதை எடுப்பித்தவர் செம்பியன் வேதிவேளான் என்ற அதிகாரி என்பதை அங்குள்ள கல்வெட்டுகள் சொல்கின்றன. கோயிலை அரசன்தான் கட்டினான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பழகிய நமக்கு, ஓர் அதிகாரியின் பெயர் கல்லில் கிடைப்பது அரிது.

துவாக்குடிக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில் திருநெடுங்களம். சம்பந்தர் பாடிய தலம். ‘இடர் களையும் பதிகம்’ பிறந்த இடம் என்பதால் கஷ்டத்தில் இருப்பவர்கள் தேடி வருகிறார்கள். கருவறைக்கு மேல் காசியைப் போல இரண்டு விமானங்கள். உள்ளே லிங்கம் நடுவில் இல்லாமல் சற்று விலகியிருக்கிறது. மற்றப் பாதி அம்பாளுக்கு என்கிறார்கள். போகும் வழியில் தேவராயநேரி, நரிக்குறவர் குடியிருப்பு. மார்கழி, தை மாதங்களில் கிளியூர் ஏரிப் பக்கம் போனால் நீர்ப்பறவைகள் கூட்டமாக இறங்கியிருப்பதைக் காணலாம். விடியற்காலையில் போக வேண்டும்.

இனி சூரியூர். பெரிய சூரியூர் நற்கடல்குடி கருப்பண்ணசாமி கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டுப் பொங்கல் சமயத்தில் நடக்கும் ஜல்லிக்கட்டுதான் பெரும்பாலும் திருச்சி மாவட்டத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு. வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார் கெட்டியாகப் பரப்பியிருப்பார்கள். முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் தொடுவதில்லை. வழிவிட்டுக் கும்பிட்டு நிற்பார்கள். அடுத்த காளையிலிருந்து ஆட்டம். திமிலை அணைத்தவன் மூன்று துள்ளல் தாங்க வேண்டும், அல்லது எல்லைக்கோடு வரை விடாமல் போக வேண்டும். வாலைப் பிடித்தாலோ கொம்பைப் பிடித்தாலோ கணக்கில்லை. நின்று விளையாடும் காளை திரும்பி நின்று, தலையைத் தாழ்த்தி, நாரைக் காலால் பறித்து ஆளை அண்டவிடாமல் சுற்றும்போது கூட்டம் போடும் சத்தம் இருக்கிறதே, அதுதான் தை மாதம்.

பாம்ப்லோனாவில் காலை எட்டு மணிக்கு வாணம் வெடிக்கும். காளைகள் சுமார் 850 மீட்டர் தெருவில் ஓடும். முன்னால் மனிதர்கள் ஓடுவார்கள். அந்தக் காளைகள் அன்று மாலையே அரங்கத்தில் கொல்லப்படுகின்றன. சூரியூர்க் காளை வீட்டுக்குத் திரும்புகிறது. பிடிபட்டாலும் படாவிட்டாலும் அதற்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் காத்திருக்கும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் தமிழ்நாடே தெருவுக்கு வந்ததும், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டத்தை உறுதிசெய்ததும் வாசகர்கள் அறிந்தவை. பாம்ப்லோனாவையும் சூரியூரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இத்தனைக்கும் நடுவே துவாக்குடியை ஊராக்கியது ஒரு கொதிகலன். செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சிக் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிபுணர்கள் இடம் தேடி அலைந்து கைவிரித்தபோது, காமராஜர்தான் திருவெறும்பூரைக் காட்டினார் என்ற கதையை இந்தப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். காவிரித் தண்ணீர், தஞ்சாவூர் ரயில்பாதை, பரந்த தரிசு. மூன்றும் ஒருசேர இங்கே இருந்தன. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது. 2003 முதல் அது என்.ஐ.டி. ஆலைக்கு வேண்டிய உதிரிகளைச் செய்துகொடுக்கத் துவாக்குடி சிட்கோவில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசையாக முளைத்தன. அனல்மின் ஆர்டர் சுருங்கிய ஆண்டுகளில் பல பட்டறைகள் ஷட்டரை இறக்கின. வெல்டர்கள் பலர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். பெரிய ஆலையை நம்பிய சிறிய ஊரின் நிலை இதுதான்.

கூத்தைப்பாரில் அந்தச் சண்டையைச் சொல்லும் நடுகல்லோ பலகையோ நான் பார்த்தவரை இல்லை. தொல்லியல் துறை ஒரு பலகையாவது வைக்க வேண்டும். அதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூத்தைப்பார், கிளியூர், வாழவந்தான்கோட்டை, சூரியூர்ப் பக்கத்து வாசகர்கள் தங்கள் வயல், மேடு, குளம், தோப்புகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழைய பெயர்களைக் கேட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். ‘வெடிமேடு’, ‘தண்டுப்பாறை’ போன்று படையை நினைவூட்டும் பெயர் எங்காவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த வாரம் கோவிலடிக்குப் போகிறோம்.