காலைக் கடித்த போட் ஷூ: ஒரு சிறு வரலாறு



போன மாதம் மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் ஷூ. "அப்பா, இதுக்குப் பேரு போட் ஷூ. ஏரிக்கரையில நடக்கப் போட்டுக்கோங்க" என்று போனில் சொன்னான். நம் பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து, நடைபாதை போட்டு, 2019-ல் திறந்தார்கள் அல்லவா? படகுச் சவாரியும் உண்டு. தினமும் காலையில் அங்கேதான் நடக்கிறேன். ஆனால் படகில் ஒரு நாளும் ஏறியதில்லை. "படகுலயே ஏறாதவருக்குப் படகு ஷூ எதுக்கு?" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார்.

முதல் நாளே முழுச் சுற்று நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் வலது குதிகாலில் கொப்புளம். இடது சுண்டுவிரல் சிவந்து கிடந்தது. அதைவிடப் பயம் தந்த விஷயம், நடக்கும்போது எனக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான். பதினோரு வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

ஓய்வு பெற்ற வாத்தியாரை ஒரு ஷூ கடித்தால் என்ன செய்வார்? அதன் வரலாற்றைத் தோண்ட உட்கார்ந்துவிடுவார். தோண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த ஷூ பிறந்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1935-ல். பால் ஸ்பெர்ரி என்பவருக்குப் பாய்மரப் படகு என்றால் உயிர். ஈரமான படகுத் தளத்தில் கால் வழுக்குவதுதான் அவருக்குப் பெரிய தொல்லை. அவரிடம் பிரின்ஸ் என்றொரு நாய் இருந்தது. பனிக்கட்டியின் மேல் அது வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, அதன் உள்ளங்காலை ஆராய்ந்தார். எங்கும் நுணுக்கமான வெடிப்புகள். ரப்பர் அடிப்பாகத்தில் அதேபோல வளைந்து வளைந்து செல்லும் கீறல்களைக் கத்தியால் போட்டார். ரப்பர் வளையும்போது அந்தக் கீறல்கள் திறந்து தளத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் இந்த ஷூவை வாங்கியது.

அதன் ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அடிப்பாகம் வெள்ளையாக இருப்பது படகுத் தளத்தில் கறுப்புத் தடம் விழாமல் இருக்க. கயிறு நுழையும் வளையம் பித்தளையில் இருப்பது உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க. கயிறு குதிகாலைச் சுற்றிப் போவது, இழுத்துக் கட்டினால் ஷூ காலோடு நிற்க. மேலே முன்பக்கம் மேடாகச் சுற்றி வரும் தையல் மட்டும் ஸ்பெர்ரிக்கும் முந்தியது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் 'மொக்கசின்' காலணியிலிருந்து வந்தது. பாதத்தின் அடியிலிருந்து தோலை மேலே மடித்து, மேல்துண்டோடு சேர்த்துச் சுருக்கித் தைப்பது அவர்கள் கண்ட முறை.

இந்தத் தையல்தான் என்னை நம் ஊருக்குத் திருப்பி அழைத்து வந்தது.

ஆவடி மார்க்கெட் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஷூவை அவரிடம் கொண்டுபோனேன். உள்ளே கைவிட்டுத் தடவினார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். "சார், இது மிஷின் தையல் இல்ல, கை தையல். எங்க மாமியா ஊரு ஆம்பூர் பக்கம். அங்க வீட்டுக்கு வீடு பொம்பளைங்க இப்படித்தான் தைப்பாங்க" என்றார். நாக்குப்பட்டையைத் தூக்கிப் பார்த்தால், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

தோலுக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் வழிநடக்கும் வணிகர்கள் காலணி அணிந்திருக்கிறார்கள். அதைப் பாதத்தை மறைக்கும் ஓர் அரண் என்கிறார் புலவர். ஷூவுக்கு இதைவிட நல்ல தமிழ் விளக்கம் கிடையாது. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட தென்னாட்டுத் தோல், வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். பிறகு பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்தது. நீங்கள் மின்சார ரயிலில் கடந்துபோகும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதை வளர்த்து உலகறியச் செய்தவர் விஞ்ஞானி நாயுடம்மா. 1985-ல் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறியபோது இறந்தவர்களில் அவரும் ஒருவர். 1970-களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலாக விற்காமல், முடித்த தோலாகவும் ஷூவாகவும் விற்க வேண்டும் என்று அரசு கொள்கையை மாற்றியது. அதற்குப் பிறகுதான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களில் ஷூ கம்பெனிகள் பெருகின. அதற்கான விலையைப் பாலாறு கொடுத்தது. தோல் கழிவால் கெட்ட நிலத்துக்கும் கிணற்றுக்கும் மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் படித்த என் மாணவர்களுக்கு அந்த வேலூர் வழக்கு தெரிந்திருக்கும்.

இன்னொரு விலையும் உண்டு. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை நாம் ஊருக்கு வெளியே வைத்தோம். அவர்கள் செய்த செருப்பை நாம் போட்டுக்கொண்டோம். அவர்களோ நம் தெருவுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று சொன்ன ஊர்கள் இருந்தன. வரலாறு எழுதினால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஆவடிப் பெரியவர் சொன்ன காட்சியை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மாணவனின் கல்யாணத்துக்காக ஆம்பூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தேன். திண்ணையில் நாலைந்து பெண்கள், பக்கத்தில் மூட்டையாக வெட்டிய தோல். ஷூவின் மேல்பாகத்தை அங்கே 'அப்பர்' என்கிறார்கள். (நம் நாவுக்கரசர் இல்லை!) குத்தியிருக்கும் ஓட்டைகளில் ஊசியை நுழைத்து, மெழுகு நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். ஓர் இழுப்பு தளர்ந்தால் அங்கே மடிப்பு விழும், அந்த மடிப்புதான் விரலைக் கடிக்கும். ஓர் அம்மா விரலைக் காட்டினார், நூல் அறுத்த கோடு கோடாகத் தழும்பு. ஒரு ஜோடிக்குக் கிடைப்பது ஒரு டீ காசுதான் என்றார். அந்த ஷூ எந்த நாட்டுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. இன்று என் காலில் இருப்பதைத் தைத்தவருக்கும் இது ஆவடி வாத்தியாருக்கு வரும் என்று தெரிந்திருக்காது.

ஆம்பூரிலிருந்து வேலூர் வெகுதூரமில்லை. காலணி வரலாற்றில் பலர் அறியாத அத்தியாயம் ஒன்று அங்கே நடந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். நோய்தான் அவர்கள் பாதத்தைத் தின்கிறது என்று உலகம் நம்பியது. அப்படியில்லை என்று அவர் கண்டார். உணர்ச்சி மரத்துப்போனதால், செருப்பு கடிப்பதும் முள் குத்துவதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. வலிக்காததால் அதே புண்ணின் மேல் நடந்துகொண்டே இருக்கிறார்கள், புண் ஆழமாகிறது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அவரும் சகாக்களும் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்வித்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் 'எம்.சி.ஆர்' செருப்பு அந்த வழியில் வந்ததுதான். வலி என்பது உடம்புக்குக் கிடைத்த காவல்காரன் என்று அவர் கடைசிவரை சொன்னார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பையன் நினைவுக்கு வந்தான்.

1980-களின் நடுவில், ஐந்தாம் வகுப்பு. கறுப்பு ஷூ கட்டாயம் என்று பள்ளியில் விதி. ஒரு பையன் ஷூவைக் கயிற்றோடு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலில் வந்தான். "ஷூ தோள்ல போடவா வாங்கினது?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தேன். முதல் இரண்டு பாடவேளை வெளியே வெயிலில் நிறுத்தினேன். மதியம் ஆயாம்மா அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து குதிகாலைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணன் போட்டுக் கழித்த ஷூ, அவன் காலுக்குச் சின்னது. "ஏன்டா சொல்லல?" என்றேன். "கடிக்குதுன்னு சொன்னா அப்பா புதுசு வாங்கணும் சார்" என்றான்.

மருந்து போட்டேன். மறுநாளிலிருந்து வெறுங்காலில் வரவிட்டேன். ஆனால் தப்பு என்னுடையது என்று அவனிடம் சொல்லவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

சரி, இனி நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு நின்று பாருங்கள், பெரிய காலுக்குத்தான் அளவு. அமெரிக்க அளவு 8 என்றால் நம் கடைகளில் ஏறக்குறைய 7. என் மகன் அங்கேதான் தவறினான். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. எனவே விரல் நுனி இடித்தால் வாங்காதீர்கள். குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கினாலும் வேண்டாம்.

பழக்குவதற்கு அவசரம் கூடாது. முதல் வாரம் மெல்லிய காலுறையோடு வீட்டுக்குள் அரைமணி நேரம். பிறகு கடைத்தெரு வரை. நனைத்து வெயிலில் காயவைக்காதீர்கள், தோல் விறைத்துவிடும். நனைந்தால் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் வையுங்கள். கடிக்கும் இடத்தைச் செருப்புத் தைப்பவரிடம் காட்டினால், கட்டை போட்டு இளக்கித் தருவார். ஆனால் சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்கள் புது ஷூவைக் காலால் பழக்கவே வேண்டாம். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளம் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். நான் போனேன், ஆறிவிட்டது.

இப்போது காலை நடைக்கு எம்.சி.ஆர் செருப்புதான். பெரியவர் இளக்கித் தந்த போட் ஷூவைக் கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிறேன். ஒவ்வொரு முறை கயிறு கட்டும்போதும் அந்தத் திண்ணைத் தையல் கண்ணில் படுகிறது.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும். தம்பி, நீ இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்: அன்று தப்பு என்னுடையது. நாற்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துவிடு. ஒருநாள் ஏரிக்கரைக்கு வா. சேர்ந்து ஒரு சுற்று நடப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், பருத்திப்பட்டு