பாமினிக் கோப்புகளும் பைத்தனும்: மென்பொருளுக்குள் ஸ்கிரிப்ட் மொழி எதற்கு?

புத்தளம் முதல் கற்பிட்டி வரையிலான கரையோரக் கிராமங்களில், பழைய கணினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றித் தருமாறு என்னிடம் கேட்பவர்கள் பலர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பெயர்ப்பட்டியல்கள், காணிக் கடிதங்கள் எனப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடினால் ஒரு பெயரும் அகப்படாது.

காரணம் எளிது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. 'கொ' என்பது அதில் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். யுனிகோட்டில் மெய்யெழுத்துக்குரிய குறி முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் வரும். ஆகவே வரிசையையும் மாற்ற வேண்டும். நீண்ட சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும்.

இணையத்தில் உள்ள மாற்றிகளில் வெட்டி ஒட்டினால் வேறொரு சிக்கல். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் வரும் ஆங்கில 'வி' எழுத்து 'ஏ' ஆகிவிடும். 'எக்ஸ்' எழுத்து 'ஓ' ஆகிவிடும். வெட்டி ஒட்டும்போது எழுத்துருவின் பெயர் தொலைந்து போவதால், எது ஆங்கிலம், எது பாமினி என்று மாற்றிக்குத் தெரியாது. காணிப் பிரச்சினையில் சான்றாகக் காட்ட வேண்டிய பட்டியலில் இது சிறிய பிழையல்ல.

இங்குதான் மென்பொருளுக்குள்ளேயே இயங்கும் ஸ்கிரிப்ட் மொழி உதவுகிறது. லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் பேசிக், பைத்தன் ஆகியவற்றில் மெக்ரோ எழுதலாம். அந்த மெக்ரோ ஆவணத்தின் ஒவ்வொரு பகுதியிடமும் 'உன் எழுத்துரு எது?' என்று கேட்டு, பாமினி என்றால் மட்டும் மாற்றும்.

இந்த வசதியைச் சேர்க்க மென்பொருள் உருவாக்குநர் புதிய மொழி படைக்கத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள மொழியொன்றின் இயக்கியை உள்ளே பொருத்தி, ஆவணம், பந்தி, அட்டவணை போன்றவற்றை அதற்குத் திறந்துவிட்டால் போதும். 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான லுவா, இப்படிப் பிற மென்பொருள்களுக்குள் பொருத்துவதற்கென்றே சிறியதாக அமைக்கப்பட்ட மொழி. வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் பைத்தனை ஏற்றுக்கொண்டது.

ஆனால் திறந்த கதவால் கள்வனும் வரலாம். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்ட் மெக்ரோதான். அதனால் லிப்ரே ஒபிஸில் மெக்ரோப் பாதுகாப்பு நான்கு நிலைகளாக உள்ளது. அதைக் குறைக்காமல், மெக்ரோவை ஆவணத்தில் அல்லாது உங்கள் கணினியின் மெக்ரோப் பகுதியில் வைத்து இயக்குங்கள்.

மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். மாற்றிய பின் முதலில் பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும், அச்சுப் பிரதி இருந்தால் அதனுடன், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.