ஈரம் போகும் வழி

சிலாங்கூரின் பால்மரத் தோட்டங்களில் காய வைப்பதற்கென்றே ஒரு கட்டடம் இருந்தது. அது ரப்பர் ஷீட்டுக்கான புகைக்கொட்டகை. லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே அந்தக் கட்டடத்துக்கு அடுப்பு, வெப்பமானி, கூரையில் காற்றுத் திறப்பு, இரவில் தீயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என எல்லாம் இருந்தன. நம்முடைய தோட்ட வரலாற்றைக் கங்காணி, சம்பளம், கள்ளுக்கடை, சங்கம் என்று பல வாசல்கள் வழியாக எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு சின்ன வாசல் வழியாக நுழைந்து பார்க்கிறேன். அந்தத் தோட்டத்தில் எது காய்ந்தது, யாருடையது காயவில்லை?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது ஒரு பழுதான டிரையர். அதற்கு வருவதற்கு முன் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

பாசிர் பெனம்பாங், கோல சிலாங்கூர் பட்டணத்துக்கு எதிர்க்கரை. சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கப்போகும் இடம். மலாயில் ‘தம்பாங்’ என்றால் ஆளைப் படகில் அக்கரை சேர்ப்பது, அதற்கான கூலி. பெயரிலேயே ஓடம் இருக்கிறது. ஆற்றோரத்தில் மீன்பிடிப் படகுகள், கடலுணவுக் கடைகள். கரையை விட்டு உள்ளே போனால் செம்பனை. அந்தச் செம்பனையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பால்மரம். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். மதியம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு வானம் இருட்டும். கொடியில் போட்ட ஜீன்ஸ் இரண்டாம் நாளும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருக்கும்.

என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் ஷீட் அடிக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்ட வேலை அது. காட்டிலிருந்து வந்த பாலில் தண்ணீர் கலந்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் கட்டியாகும். அதை உருளை மெஷினில் நசுக்கினால் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வரிவரியாக ஷீட் வரும். அந்த வரிகள் அழகுக்கு இல்லை. மேல்பரப்பு கூடினால் தண்ணீர் சீக்கிரம் வெளியேறும், அடுக்கும்போது ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாது. நீர் சொட்டி முடிந்ததும் கம்புகளில் போட்டுப் புகைக்கொட்டகைக்குள் தொங்கவிடுவார்கள்.

உள்ளே நான்கைந்து நாள். முதல் நாள் சூடு 45, 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கூரைத் திறப்பு நன்றாகத் திறந்திருக்கும். நாள் போகப் போகத் திறப்பைக் குறைத்துச் சூட்டை 60 வரை ஏற்றுவார்கள். எடுத்த எடுப்பில் சூட்டை ஏற்றினால் ஷீட்டுக்குள் குமிழி விழும். திறப்பை மூடி வைத்தால் உள்ளே நீராவி தங்கிவிடும்; எவ்வளவு விறகு போட்டாலும் ஷீட் காயாது. சரியாகக் காய்ந்த ஷீட், வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஊடு தெரியும். ஈரம் மிச்சமிருந்தால் நடுவில் வெள்ளைத் திட்டு தெரியும். தரம் பிரிக்கிறவர் அந்தத் திட்டைத்தான் முதலில் தேடுவார். ஒன்று முதல் ஐந்து வரையிலான தரத்தை நிர்ணயித்தவை வெறும் கண்கள்தாம்.

பாட்டி சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: “துணி ஒரு நாளு காயலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஷீட்டு ஒரு நாளு காயலன்னா தொரை வந்து நிப்பாரு.”

துணியின் நிலைமை இதுதான். விடியலுக்கு முன் பெரட்டு. காட்டில் பனி, சில நாள் மழை. பால் வெட்டுகிறவர் உடுப்பில் பால் தெறித்து, காய்ந்து, பிசினாகக் கறுத்துப்போகும். அந்தக் கறை போகாது. அதனால் காட்டு உடுப்பு தனி, வீட்டு உடுப்பு தனி. வேலை முடிந்து வந்து துவைத்துப் போடும்போது வெயில் சாய ஆரம்பித்திருக்கும். மழைக்காலத்தில் அடுப்படியில் கயிறு கட்டி, விறகடுப்புச் சூட்டில் தொங்கவிடுவார்கள். மறுநாள் அதையே பாதி ஈரத்தோடு உடுத்திக்கொண்டு பெரட்டுக்குப் போவார்கள். தொடையிடுக்கில் படை, புகை நாற்றம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் பூஞ்சைப் புள்ளி. வீட்டு அடுப்படியே ஒரு புகைக்கொட்டகை. ஆனால் கூரையில் திறப்பு இல்லாத கொட்டகை.

மின்சாரமும் அப்படித்தான் வந்தது. நாட்டில் மத்திய மின்சார வாரியம் 1949இல் தொடங்கியது; 1965இல் தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறியது; 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. பட்டணத்துக்கும் தோட்டத்து லயத்துக்கும் நடுவில் இருந்த தூரம் இந்தப் பெயர்களில் தெரியாது. பல தோட்டங்களில் லயத்துக்கு வெளிச்சம் கொடுத்தது தோட்டத்துச் சொந்த ஜெனரேட்டர். மாலையில் எரியும், இரவில் அணையும். இரண்டு பல்பு, பின்னாளில் ஒரு தொலைக்காட்சி, அதற்கு மேல் தாங்காது. கரிப்பெட்டி இஸ்திரி அங்கே நெடுநாள் புழக்கத்தில் இருந்ததற்கு இதுவும் காரணம். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் சட்டம் 1966இல் ஒன்று வந்தது, 1990இல் திருத்தி எழுதப்பட்டது. அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் முதலாளியின் கடமை. அந்த நேரத்தில் தோட்டங்களே கலைய ஆரம்பித்திருந்தன.

இதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் துணி காய வைக்கும் இயந்திரத்தின் கதை நடந்துகொண்டிருந்தது. 1800 வாக்கில் பிரான்சில் போஷோன் என்பவர் ஓட்டை போட்ட உலோகப் பீப்பாயில் துணியைப் போட்டு, நெருப்புக்கு மேல் கையால் சுற்றினார் என்பார்கள். 1892 ஜூன் மாதம் ஒஹாயோ மாநிலத்து டேட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பின அமெரிக்கர், அடுப்புச் சூட்டைப் பயன்படுத்தும் துணி உலர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு நார்த் டகோட்டாவின் ராஸ் மூர். கடுங்குளிரில் அம்மா வெளியே துணி காயப் போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கொட்டகை ஒன்று கட்டி, உள்ளே அடுப்பு வைத்து, துணியைத் தொங்கவிட்டவர். அந்தக் கொட்டகையிலிருந்து வளர்ந்த யோசனையைத்தான் விஸ்கான்சினின் ஹாமில்டன் நிறுவனம் 1938இல் ‘ஜூன் டே’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அடுப்பு வைத்த கொட்டகை, உள்ளே தொங்கும் ஈரப் பொருள், மேலே வெளியேறும் நீராவி. மூரின் கொட்டகையை என் பாட்டி பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பார். அங்கே அம்மாவின் துணிக்காக ஒரு கொட்டகை எழுந்தது. இங்கே அதே மாதிரிக் கொட்டகை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதன் தீயை மூட்டியவரின் துணிக்கு அதில் இடமில்லை.

எங்கள் பக்கம் டிரையரை யோசிக்க வைத்தவற்றில் ஒன்று புகைமூட்டம். 2005 ஆகஸ்டு 11 அன்று காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடின. வெளியே காயப்போட்ட துணி, சாம்பல் வாசனையோடு உள்ளே வந்தது. இன்னொரு காரணம் வீடு. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். லயத்துக்குப் பின்னால் கொடி கட்டக் கொஞ்சம் மண்ணாவது இருந்தது. அடுக்குமாடியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்புதான். ஐந்தாம் மாடிக்கு நான்காம் மாடியின் சமையல் புகை.

எங்கள் வீட்டுக்கு வந்த டிரையர் இரண்டாம் கை. ஒரு வருஷத்தில் பழுதானது: சுற்றும், சூடு வராது. பழுது பார்க்க வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய அங்கிள். இளவயதில் தோட்டத்து இன்ஜின் ரூமில் ஜெனரேட்டர் பார்த்தவர். நான் யூடியூபில் பார்த்து வைத்த காரணத்தை அவரிடம் சொன்னேன்: “அங்கிள், ரெண்டு பிரேக்கர்ல ஒண்ணு விழுந்திருந்தா டிரம் சுத்தும், சூடு வராதாமே?”

“அது அமெரிக்கால தம்பி” என்றார். அங்கே டிரையருக்கு 120 வோல்ட் கம்பிகள் இரண்டு போகும். மோட்டாருக்கு ஒன்று போதும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும். அதனால் ஒன்று அறுந்தால் சூடு மட்டும் போகும். “நம்ம வீட்டுல ஒரே லைன். கரண்டு இருந்தா எல்லாத்துக்கும் இருக்கும். இல்லன்னா எதுக்கும் இல்ல.”

அவர் முதலில் இயந்திரத்தைத் திறக்கவில்லை. பின்பக்கம் போய் காற்று வெளியேறும் குழாய் முனையில் புறங்கையை வைத்தார். டிரம் சுற்றும்போது காற்று பலமாக வர வேண்டும். எங்களுடையதில் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் வந்தது. அப்புறம்தான் பிளக்கைப் பிடுங்கினார். பிளக்கின் கால்களைத் திருப்பிப் பார்த்தார். 13 ஆம்பியர் பிளக் தளர்வாக இருந்தால் அந்த இடம் பழுப்பேறி உருகும், டிரையரை நீட்டிப்புக் கம்பியில் செருகக்கூடாது என்றார். குழாயைக் கழற்றினால் சுவரோடு நசுங்கிய வளைவில் சாம்பல் நிறத் துணிப்பஞ்சு, தலையணைக்கு அடைத்த மாதிரி.

“இதான் நோவு. ஆனா மருந்து இன்னும் உள்ள இருக்கு.”

பின் தகட்டைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தார். ஹீட்டர் காயிலின் மின்தடை 27 ஓம் அருகே காட்டியது. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் என்றால் கணக்குப்படி 26 சொச்சம் வர வேண்டும். ஆக, காயில் நன்றாக இருக்கிறது. அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. அடுத்து தெர்மல் ஃபியூஸ், விரல் நுனி அளவு. மீட்டரில் சத்தமே இல்லை, போய்விட்டது. இந்த ஃபியூஸ் ஒரே தடவை செத்து இயந்திரத்தைக் காப்பாற்றும். காற்று போக வழியில்லை, சூடு உள்ளேயே ஏறியது, ஃபியூஸ் அறுந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை அப்படியே விட்டால் அடுத்த மாதம் மறுபடி அறுக்கும். ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியை நேராக முறுக்கிவிட்டால் ஒரு நாள் பஞ்சு பற்றிக்கொள்ளும். “சில பேரு அப்படித்தான் செஞ்சிட்டுப் போவான். காசு கம்மி, வீடு காலி.”

மற்ற நோய்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மோட்டார் ஓடி டிரம் சுற்றாவிட்டால் பெல்ட். உறுமிவிட்டு நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், தொடுவதற்கு முன் அதை இறக்க வேண்டும், தெரியாதவர் கை வைக்கக்கூடாது. சூடு வந்தும் மூன்று மணிநேரம் காயாவிட்டால் முக்கால்வாசி நேரம் அடைப்புதான். சமையல் எண்ணெய் ஊறிய துணியை, துவைத்திருந்தாலும், டிரையரில் போடக்கூடாது; சூடாகக் குவித்து வைத்தால் தானாகவே கனன்று பிடிக்கலாம்.

புது ஃபியூஸை மாட்டிக்கொண்டே, எனக்கு விளக்குவதற்காக அவர் சொன்ன உதாரணம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை: “ஸ்டோர்ல புகைபோடுற கொட்டாய் பாத்திருக்கியா? மேல இருக்கற ஜன்னல சாத்திட்டு விறகு போட்டா என்ன ஆகும்? அதேதான் இது. சூடு காய வைக்காது தம்பி. சூடு ஈரத்த கெளப்பும். காத்துதான் வெளிய கொண்டு போவும்.”

நான் கொட்டகையைப் பார்த்ததில்லை. என் வயதுக்காரர்கள் அநேகரும் பார்த்திருக்க மாட்டார்கள். 1965இல் மலேசியத் தர ரப்பர் என்ற புதிய முறை அறிமுகமானது. பாலைக் கட்டியாக்கி, துகள் துகளாக நொறுக்கி, 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடான காற்றில் சில மணிநேரத்தில் உலர்த்தி, கட்டியாக அழுத்துவார்கள். தரத்தை ஆய்வகம் அளக்கும். நான்கைந்து நாள் வேலை ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கியது. வெளிச்சத்தில் ஷீட்டைப் பிடித்து வெள்ளைத் திட்டைத் தேடும் கண்களின் தேவை குறைந்தது. இதற்கிடையே செம்பனை வந்தது. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டதும் எங்கள் மாவட்டத்துத் தெனாமாராம் தோட்டத்தில்தான். பால்மரம் சாய்ந்த இடத்தில் ஸ்டோரும் சாய்ந்தது.

புகைக்கொட்டகை பற்றிய எழுத்துப் பதிவுகள் இருக்கின்றன. 1925இல் உருவான ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வடிவமைப்பு, சூடு, திறப்பு என எல்லாவற்றையும் ஆய்ந்தது. அந்தப் பதிவுகள் ஷீட்டின் பக்கமிருந்து எழுதப்பட்டவை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்த் தீயைக் குறைத்தவருக்கு, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியின் கனத்தை வைத்தே திறப்பு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்திருக்கும். அவரை நம் ஆவணங்கள் ‘கூலி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டன. கூலிக்காரர் என்றால் உடல் மட்டும், அறிவு துரையிடமும் கிராணியிடமும் என்ற பிரிவினையை நம்முடைய எழுத்தும் பல நேரம் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. துயரத்தை எழுதினோம், நியாயமாகவே எழுதினோம். அவர்களின் தொழில்நுட்பத்தை எழுத மறந்துவிட்டோம்.

அந்த அறிவு முழுதாகச் செத்துவிடவில்லை. இன்ஜின் ரூமிலிருந்து அடுக்குமாடிக்கு இறங்கி வந்து, ஒரு டூல் பெட்டியோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. குழாய் முனையில் புறங்கையை வைத்துப் பார்க்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போனால் அந்தக் கைகளும் இருக்காது. உங்கள் தாமானில் ஃபிரிட்ஜோ, மின்விசிறியோ, டிரையரோ சரிசெய்யும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் எந்தத் தோட்டத்தில் எந்த மெஷினோடு வேலை பார்த்தார் என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.