செய்ந்நன்றியும் தன்னறிவும்: மதுரை வட்டாரத்தில் ஒரு சிந்தனை வளர்ச்சி

நன்றியுணர்வு மனநலத்தை வளர்க்கும் என்ற கருத்து இன்று உளவியல் வழியாகவே பெரிதும் பேசப்படுகிறது. 2003-இல் எம்மன்ஸ், மெக்கல்லோ ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள், பெற்ற நன்மைகளை வாரந்தோறும் எழுதிவைத்தவர்களிடம் மனநிறைவு கூடியிருந்ததாகக் காட்டினர். மதுரை வட்டாரத்தில் இக்கருத்துக்கு நெடிய முன்வரலாறு உண்டு. கொடுத்தவரைப் பதிவுசெய்வதில் தொடங்கிய மரபு, பெற்றுக்கொள்பவர் தம்மையே ஆராயும் நிலைக்கு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கல்லில் கொடையாளர்

மதுரைக்கு வடகிழக்கே, ஆனைமலைக்கும் அப்பால் உள்ளது மாங்குளம். அங்குள்ள குகைத்தளங்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் வைப்பார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குச் செய்த கொடையில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், வெள்ளறை நிகமத்து வணிகர்களின் பெயரும் இடம்பெறுகின்றன. கொடுத்தது யார், யாருக்கு என்பவை பதிவாகியுள்ளன. பெற்றவரின் மனநிலை பதிவாகவில்லை. கொடையை நினைவில் நிறுத்துவதே இங்கு நோக்கம்.

பெறுபவரின் ஒழுக்கம்

மதுரைச் சங்கத்தில் அரங்கேறியதாக மரபு கூறும் திருக்குறளில் பார்வை பெறுபவர் பக்கம் திரும்புகிறது. செய்ந்நன்றி அறிதல் இல்லறவியலில் 11ஆம் அதிகாரம். மெய்யுணர்தல் துறவறவியலில் 36ஆம் அதிகாரம். நன்றி வீட்டில் வாழ்பவருக்கும், மெய்யறிவு துறந்தவருக்கும் எனப் பகுத்த அமைப்பு இது. ஆயினும் செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்த அதிகாரமான நடுவுநிலைமைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் தரும் காரணம் கூர்மையானது: உதவியவரிடம் நன்றியை நினைக்கும்போது நடுநிலை சிதையக்கூடும், அங்கும் சிதையலாகாது என்பதற்காகவே இந்த வைப்புமுறை என்கிறார் அவர். நன்றி நல்லுணர்வே என்றாலும் அதையும் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வுரையில் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

தன் தகுதியை எடைபோடுதல்

மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்து பாண்டியனின் அமைச்சராயிருந்தவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது புராண வரலாறு. திருவாசகத்தின் கோயில் திருப்பதிகத்தில், இறைவன் தன்னையே தந்து என்னை ஏற்றுக்கொண்டான், இந்த மாற்றில் கெட்டிக்காரர் யார் என்ற பொருளில் கேட்கிறார். பெற்ற பேற்றின் அளவை உணர, பெற்றவனின் சிறுமையையும் உணர வேண்டியிருக்கிறது. குறளில் வெவ்வேறு இயல்களில் நின்ற நன்றியும் தன்னறிவும் இங்கு ஒரே பாடலில் கூடுகின்றன.

யாருக்கு என்ற கேள்வி

1896 ஜூலையில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் பின்னாளில் ரமணர் எனப்பட்ட 16 வயது வேங்கடராமனை மரண அச்சம் பற்றியது. உடல் இறந்தால் இறப்பது யார் என்று உள்ளுக்குள் விசாரித்தார். பின்னர் மீனாட்சியம்மன் கோயிலில் நாயன்மார் திருவுருவங்களின் முன் நெடுநேரம் நின்று உருகுவது அவர் வழக்கமாயிற்று. ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை அடைந்தார். பின்னர், சிவப்பிரகாசம் பிள்ளை என்பவரின் கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து ‘நான் யார்?’ என்ற நூல் உருவாயிற்று. எழும் எண்ணம் யாருக்கு எழுந்தது என்று தேடச் சொல்லும் அந்நூல், பிறருக்குக் கொடுப்பதெல்லாம் தனக்கே கொடுத்துக்கொள்வது என்ற கருத்தையும் முன்வைக்கிறது. மாங்குளத்தில் தனித்தனிப் பெயர்களாக நின்ற கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவே இங்கு கேள்விக்குள்ளாகிறது.

முடிவு

இவ்வளர்ச்சி நேர்கோட்டில் நடந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. சமணம், சைவம், அத்வைதம் ஆகியவற்றின் நோக்கங்கள் வேறு. எனினும் ஒரு திசை புலப்படுகிறது. நன்மைகளைப் பட்டியலிடும் இன்றைய பயிற்சி, பட்டியலிடுபவரை அப்படியே விட்டுவிடக்கூடும். இம்மரபோ அவரிடம் மேலும் இரண்டு கேட்கிறது: இந்த நன்றி என் நடுநிலையைச் சாய்க்கிறதா? நான் பெற்றேன் என்னும்போது அந்த ‘நான்’ யார்? இவ்விரண்டையும் கேட்டுப் பார்ப்பவரிடமே நன்றி சடங்காக நின்றுவிடாமல் வளர்ச்சியாகிறது.